பல்ஹார்ஷாவில் இறங்கிப் பார்க்க வேண்டியவை: சந்திரபூர் நிலக்கரி மாவட்டம் பற்றி ஒரு விரிவான பதில்

சென்னையிலிருந்து டில்லிக்குப் போகும் ரயில் பல்ஹார்ஷாவைக் கடந்ததும் கரிமண் குன்றுகளும் புகைபோக்கிகளும் மட்டுமே கண்ணில் படுகின்றன. தடோபா புலிக் காட்டைத் தவிர சந்திரபூர் மாவட்டத்தில் பார்க்க ஏதேனும் உண்டா, குடும்பத்தோடு நான்கு நாள் ஒதுக்குவது தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தகும் என்பதே என் பதில். ஆனால் நான்கு நாளையும் சஃபாரிக்கே கொடுத்துவிட்டுத் திரும்புவது இந்த மாவட்டத்தில் பாதியைக்கூடப் பார்க்காமல் திரும்புவதாகும். கரி, காடு, கோண்டு என்னும் பழங்குடி அரசர்களின் கோட்டை ஆகிய மூன்றையும் தனித்தனிக் காட்சிகளாக எண்ணாமல், ஒரே நிலத்தின் மேலும் கீழுமாக அமைந்தவை என்று புரிந்துகொண்டு சுற்றினால்தான் இந்த ஊர் தன்னைக் காட்டும். ஆகவே முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு ஊர்களுக்கு வருகிறேன்.

மகாராஷ்டிரத்தின் கிழக்கு ஓரத்தில், விதர்பப் பகுதியில், மேற்கே வர்தா ஆறும் கிழக்கே வைன்கங்கா ஆறும் அணைத்து நிற்கும் மாவட்டம் இது. இரண்டு ஆறுகளும் தெற்கே தெலங்கானா எல்லையருகே ஒன்றுசேர்ந்து பிராணஹிதா என்ற பெயரில் கோதாவரிக்குப் போகின்றன. 1982இல் கட்சிரோலி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட பிறகு எஞ்சிய பரப்பு ஏறத்தாழ 11,400 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 22 லட்சம். மேற்குப் பக்கம் கரிசல் மண்ணும் பருத்தியும் சோயாவும். கிழக்கே மூல், சிந்தேவாஹி, நாக்பீட், பிரம்மபுரி வட்டங்களில் ஏரிப் பாசனமும் நெல்லும். நடுவில் தேக்கும் மூங்கிலும் நிறைந்த காடு. நிலக்கரி பெரும்பாலும் மேற்குப் பாதியில், வர்தா ஆற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டிக் கிடக்கிறது. நிலவியலாளர்கள் இதை வர்தா பள்ளத்தாக்கு நிலக்கரி வயல் என்பார்கள்.

நமக்குப் பழக்கமான நெய்வேலியில் கிடைப்பது வயதில் இளைய பழுப்பு நிலக்கரி. சந்திரபூரில் இருப்பது அதைவிடப் பல மடங்கு பழைய கறுப்பு நிலக்கரி. பெர்மியன் காலத்தில், அதாவது 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், ஆற்றுச் சமவெளிகளிலும் சதுப்புகளிலும் மட்கிய தாவரங்கள் மணலுக்கும் களிமண்ணுக்கும் அடியில் புதைந்து உருவானது. அதற்கும் கீழே ஓர் ஆச்சரியம் இருக்கிறது. பைன்கங்கா ஆற்றுப் பக்கத்தில், இரயி என்னும் கிராமத்தருகே, சுண்ணாம்புப் பாறையின் மேற்பரப்பில் பனிப்பாறை உராய்ந்த கீறல்களை 1870களில் நிலவியலாளர்கள் கண்டறிந்தார்கள். கோண்டுவானா என்று அழைக்கப்படும் பழைய பெருங்கண்டத்தின் ஒரு பகுதியாக இந்தியா தென் துருவத்துக்கு அருகில் இருந்த காலத்தின் தடயம் அது. இன்று சில கோடைகளில் வெப்பம் 48 பாகை செல்சியஸைத் தொடும் மாவட்டத்தில் ஒரு காலத்தில் பனியாறு நகர்ந்தது என்பதைவிட வியப்பான செய்தியை இந்த நிலத்தைப் பற்றி நான் படித்ததில்லை.

வடமேற்கே வரோரா வட்டத்திலுள்ள பிஸ்துரா கிராமமும் இத்தகையதே. அங்கே வயல்வெளிகளில் டைனோசர் எலும்புகளும், கல்லாகிவிட்ட சாணமும் கிடைத்துள்ளன. அந்தச் சாணக் கற்களை ஆராய்ந்தபோது புல்லினத் தாவரங்களின் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் தென்பட்டன; டைனோசர்கள் வாழ்ந்த காலத்திலேயே புல் தோன்றிவிட்டது என்பதற்கு 2005இல் வெளியான அந்த ஆய்வு உலக அளவில் முக்கியச் சான்றாயிற்று. பிஸ்துராவில் அருங்காட்சியகத்தை எதிர்பார்த்துப் போகக் கூடாது. அது சாதாரண உழவர் கிராமம். வயலில் கிடைப்பதைப் பொறுக்கி எடுத்து வருவது தவறு என்பதை உடன் வரும் பிள்ளைகளுக்கும் சொல்லிவைப்பது நல்லது.

கரித் தொழிலின் வரலாறு வரோராவில்தான் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டிஷ் அரசு அங்கே சுரங்கம் திறந்து, கரியைக் கொண்டுசெல்ல வர்தாவிலிருந்து ரயில் பாதையும் போட்டது. பிறகு பல்லார்பூர் (பல்ஹார்ஷா ரயில் நிலையம் உள்ள ஊர்), குகூஸ், மாஜ்ரி, ராஜுராப் பக்கம் சாஸ்தி என்று தொழில் தெற்கே நகர்ந்தது. 1929இல் காஜிப்பேட்டைக்கும் பல்ஹார்ஷாவுக்கும் இடையே பாதை முடிந்ததும் சென்னைக்கும் டில்லிக்கும் நேரடி வழி கிடைத்தது. நீங்கள் ஜன்னல் வழியே பார்க்கும் நிலக்கரி வயலின் நடுவே அந்தப் பாதை ஓடுவது தற்செயலாக நேர்ந்ததன்று. கரிக்காக வந்த பாதைகளின் நீட்சியே அது. 1973இல் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. 1975இல் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனம் ஏற்பட்டது. சந்திரபூர் நகரை ஒட்டிய துர்காபூர், பத்மாபூர்ச் சுரங்கங்கள் உட்பட இங்குள்ள பெரும்பாலானவை அதன் கையில் உள்ளன. நகரின் வடக்கே நிற்கும் அனல் மின் நிலையத்தின் இப்போதைய திறன் 2,920 மெகாவாட். அதற்குத் தண்ணீர் தருவதற்காகவே இரயி ஆற்றில் அணை கட்டப்பட்டது. கோர்ப்பனா வட்டத்தின் சுண்ணாம்புக் கல்லை நம்பிச் சிமெண்ட் ஆலைகளும், காட்டு மூங்கிலை நம்பி 1940களில் பல்லார்பூரில் காகித ஆலையும் வந்தன.

இதன் விலையை மறைத்துவிட்டு ஊரைப் புகழ எனக்கு மனமில்லை. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை மாசு அளவின்படி வரிசைப்படுத்தியபோது சந்திரபூர் நான்காவது இடத்தில் இருந்தது. குளிர்கால விடியலில் நகரத் தெருக்களில் நடந்தால் அதன் காரணம் மூக்குக்கே தெரியும். குகூஸ் போன்ற பழைய சுரங்க ஊர்களின் அடியில் கைவிடப்பட்ட நிலத்தடிக் குடைவுகள் இருக்கின்றன. 2022 ஆகஸ்டில் அங்கே ஒரு வீடு முழுவதுமாக நிலத்துக்குள் அமிழ்ந்தது. வீட்டிலிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியே ஓடியதால் பிழைத்தார்கள். திறந்தவெளிச் சுரங்கத்தில் கரியை எடுப்பதற்கு முன் அகற்றப்படும் மேல்மண் ஆற்றோரங்களில் மலைபோல் குவிக்கப்பட்டிருக்கிறது. வெள்ளம் ஊருக்குள் புகுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நகர மக்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். சுற்றுலாப் பயணி இந்தக் குன்றுகளைப் படம் எடுக்கும்போது, அவற்றின் அடியில் யாரோ ஒருவருடைய பருத்தி வயல் கிடக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சந்திரபூர் நகரத்தில் ஒரு முழுநாள் கட்டாயம் தங்குங்கள். தடோபாவுக்குப் போகும் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை; இதற்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்வேன். சாந்தா என்ற பழைய பெயரில் கோண்டு அரசர்களின் தலைநகராக இருந்த ஊர் இது. அவர்களுடைய முந்தைய இருப்பிடம் பல்லார்பூர். வர்தா ஆற்றின் கரையில் அந்தக் கோட்டை இன்றும் நிற்கிறது. காந்த்க்யா பல்லாள் ஷா என்னும் அரசர் நெடுநாள் தோல்நோயால் வருந்தி, வேட்டைக்குச் சென்ற இடத்தில் ஜர்பட் ஆற்றுப் படுகைக் குழியில் இருந்த நீரில் முகம் கழுவியதும் நோய் தணியக் கண்டார் என்றும், அங்கே ஒரு முயல் வேட்டை நாயைத் துரத்திய வழியைப் பார்த்து அதே கோட்டில் மதில் எழுப்பச் சொன்னாள் அரசி என்றும் ஊர்க்கதை சொல்லும். வேட்டைநாயை முயல் எதிர்த்த மண் வீர மண் என்னும் கதை நம் பக்கத்துக் கோட்டைகளுக்கும் உண்டு என்பதால் தமிழர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

மதில் ஒரே அரசர் காலத்தில் முடியவில்லை. பல தலைமுறை ஆயிற்று. ஏறத்தாழ 11 கிலோமீட்டர் சுற்றளவுள்ள கற்சுவர் இன்றும் பெரும்பகுதி நிற்கிறது. ஜட்புரா, அஞ்சலேஸ்வர், பட்டாண்புரா, பின்பா என்று நான்கு பெரிய வாயில்கள். அவற்றுக்கு இடையே கிட்கி எனப்படும் சிறு வாயில்கள். வாயில்களின் மேல் யானையை அடக்கி நிற்கும் சிங்கத்தின் உருவம் செதுக்கப்பட்டிருக்கும். அது கோண்டு அரசின் சின்னம். ஜட்புரா வாயிலின் வழியே இன்றும் ஆட்டோவும் லாரியும் போகின்றன. சில ஆண்டுகளுக்கு முன்புவரை மதிலின் மேல் புதர் மண்டி, குப்பை கொட்டும் இடமாகக் கிடந்தது. 2017இல் ஈகோ-ப்ரோ என்னும் உள்ளூர்த் தொண்டு அமைப்பின் இளைஞர்கள் நூற்றுக்கணக்கான நாள்கள் விடியற்காலையில் வந்து வெட்டிச் சுத்தம் செய்தார்கள். பிரதமரின் வானொலி உரையிலும் அது குறிப்பிடப்பட்டது. அதன் பிறகே மதிலின் மேல் நடந்துபோய்ப் பார்ப்பது எளிதாயிற்று. வெயில் ஏறுவதற்கு முன், ஏழு மணிக்குள், அந்த நடையைத் தொடங்குங்கள்.

அஞ்சலேஸ்வர் வாயிலை அடுத்துக் கோண்டு அரசர்களின் கல்லறைகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரியது பீர்ஷா மன்னருடையது. அதை எழுப்பியவர் அவருடைய மனைவி ராணி ஹிராய். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணவர் கொலையுண்ட பிறகு ஆட்சியைத் தாங்கி நடத்திய ஹிராய்தான் ஊரின் மகாகாளி கோயிலையும் கட்டுவித்தவர். சித்திரைத் திருவிழாவின்போது நாந்தேட் போன்ற மராட்வாடா ஊர்களிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் பல்லாயிரம் பேர் வந்து ஜர்பட் ஆற்றில் நீராடி அம்மனைக் கும்பிடுவார்கள். கூட்டத்தை விரும்பாதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம். விரும்புகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான வாரம் கிடையாது, வெயிலைத் தாங்கிக்கொள்ள முடிந்தால்.

1751இல் நாகபுரி ராகோஜி போன்ஸ்லே கடைசிக் கோண்டு அரசர் நீலகண்ட ஷாவை வென்றதும் அரசு மராட்டியர் கைக்குப் போயிற்று. 1818 மே மாதம் பிரிட்டிஷ் படை முற்றுகையிட்டு மதிலை உடைத்தது. 1857-58 கிளர்ச்சியில் கோண்டு மக்களைத் திரட்டிப் போராடிய பாபுராவ் சேட்மாகேயை 1858 அக்டோபர் 21 அன்று சந்திரபூர்ச் சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்தச் சிறை பழைய கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. சிறைக்கு உள்ளே கைபி ஷா வலியின் தர்கா இருப்பதால், முஹர்ரம் நாள்களில் மட்டும் சிறையின் கதவு பொதுமக்களுக்குத் திறக்கப்படும். இந்துக்களும் முஸ்லிம்களும் வரிசையில் நின்று உள்ளே போய் வருவார்கள். இதே நகரில்தான் 1956 அக்டோபர் 16 அன்று, நாகபுரியில் பௌத்தம் தழுவி இரண்டு நாள் கழித்து, அம்பேத்கர் பெருந்திரளான மக்களுக்குத் தீட்சை அளித்தார். அந்த இடம் தீட்சாபூமியாகப் போற்றப்படுகிறது. ஆண்டுதோறும் அக்டோபர் நடுவில் அங்கே பெருங்கூட்டம் கூடும்.

நகரில் நான் முதலில் அழைத்துப்போக விரும்பும் இடம் லால்பேட். நிலக்கரிச் சுரங்கத்துக்காகவே அறியப்படும் பகுதி அது. குடியிருப்புகளுக்கு நடுவே, திறந்த வெளியில், மிகப் பெரிய ஒற்றைக்கல் சிற்பங்கள் தரையில் கிடக்கின்றன. பத்துத் தலைகளோடு கூடிய தேவியின் உருவம் ஏறத்தாழ 25 அடி நீளம். தலைகளைப் பார்த்து மக்கள் அதை இராவணன் என்றே அழைத்தார்கள். நந்தி, மீன், ஆமை, லிங்கம் என்று வேறு உருவங்களும் உண்டு. கோண்டு ஆட்சிக் காலத்தில் ராயப்பா என்னும் வணிகர் பெருங்கோயில் ஒன்று கட்ட எண்ணிச் செதுக்குவித்தார் என்றும், அவர் மறைந்ததும் வேலை நின்றுபோயிற்று என்றும் சொல்வார்கள். இவற்றை நிமிர்த்தி நிறுத்த யாராலும் முடியவில்லை. செதுக்கிய இடத்திலேயே மல்லாந்து கிடக்கின்றன. நம் ஊர்க் கோயில்களில் நின்ற கோலத்தில் மட்டுமே சிலையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, உளித் தடம் மாறாமல் முடிவுறாமல் கிடக்கும் இந்த உருவங்கள் சிற்பியின் வேலைமுறையையே காட்டிக்கொடுக்கும். இந்தியாவில் வேறெங்கும் இப்படியொரு காட்சியைத் தேடுவது கடினம் என்பது என் கருத்து. ஆனாலும் இதைக் காண வருகிறவர்கள் மிகச் சிலரே.

இப்போது தடோபா. 1955இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் அதுவே முதலாவது. 1986இல் அந்தாரி சரணாலயம் ஏற்பட்டு, 1995இல் இரண்டும் சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. உட்காடு சுமார் 625 சதுர கிலோமீட்டர். சுற்றியுள்ள இடைக்காட்டையும் சேர்த்தால் 1,700 சதுர கிலோமீட்டருக்கு மேல் வரும். தேக்கு, மூங்கில், கருமருது, பீடி இலை மரம், இலுப்பை ஆகியவை நிறைந்த வறண்ட இலையுதிர் காடு. புலியோடு சிறுத்தை, செந்நாய், கரடி, காட்டு மாடு, கடமான், புள்ளிமான் எல்லாம் உண்டு. தடோபா ஏரியில் முதலைகள் உண்டு. ஏரிக்கரையில் தாரு என்னும் காவல் தெய்வத்தின் சிறு கோயில் இருக்கிறது. தாரு ஒரு கோண்டு கிராமத் தலைவர், புலியோடு போரிட்டு இறந்தவர் என்பது வழிவழிச் செய்தி. காட்டுக்கும் ஏரிக்கும் பெயர் தந்தவர் அவரே. தை மாதத்தையொட்டி அங்கே ஆதிவாசிகள் கூடுவது பழைய வழக்கம். காட்டுப் பாதையோரம் வரிசையாக நிற்கும் பழைய கல்தூண்களை வழிகாட்டிகள் காட்டுவார்கள். கோண்டு அரசர்கள் நிறுத்தியவை, கயிறும் மணியும் கட்டி அரசரின் வருகையை அறிவித்தார்கள் என்று விளக்குவார்கள்.

காப்பகத்தின் மூன்று சரகங்களில் தெற்கே உள்ளதன் பெயர் கோல்சா. கரியின் பெயரையே தாங்கி நிற்கும் காடு. அதன் அடியிலும் சுற்றிலும் நிலக்கரி இருக்கிறது என்பதே இந்த மாவட்டத்தின் தீராத வழக்கு. தடோபாவை அடுத்த லோஹாராப் பகுதியில் பெரிய திறந்தவெளிச் சுரங்கம் தோண்டும் திட்டம் வந்தபோது, புலிகள் நடமாடும் வழி அறுந்துபோகும் என்று நகர மக்கள் எதிர்த்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், 2009 வாக்கில் அது கைவிடப்பட்டது. அந்தக் காடு பிழைத்ததால்தான் இன்று ஜுனோனா, தேவாடா பக்கங்களில் இடைக்காட்டுச் சஃபாரி நடக்கிறது. ஜுனோனாவில் கோண்டு அரசர்கள் வெட்டிய ஏரியும் பழைய மாளிகையின் எச்சமும் இருப்பதால், புலி தென்படாத நாளிலும் அந்தப் பயணம் வீணாகாது.

புலிகள் காப்பகத்தின் வேலிக்குள் அடங்கி இருப்பவை என்று எண்ண வேண்டாம். வேலியே கிடையாது. தாயைப் பிரிந்த இளம் புலிகள் இடம் தேடி வெளியேறும்போது அனல் மின் நிலைய வளாகத்தின் புதர்க்காடுகளிலும், சீமைக் கருவேலம் முளைத்துவிட்ட பழைய மேல்மண் குன்றுகளிலும் தங்குகின்றன. பன்றியும் மாடும் அங்கே இரையாகக் கிடைக்கின்றன. 2022 பிப்ரவரியில் மின் நிலைய வளாகத்தில் வேலை முடிந்து வீடு திரும்பிய ஒரு தொழிலாளியைப் புலி கொன்றது. கிழக்கே பிரம்மபுரிக் காடுகளை ஒட்டிய கிராமங்களில் இலுப்பைப் பூவும் பீடி இலையும் பொறுக்கப் போகிறவர்கள், மாடு மேய்ப்பவர்கள், பெரும்பாலும் ஏழைகள், ஆண்டுதோறும் உயிரிழக்கிறார்கள். பெயர்பெற்ற புலிகளைத் தேடி இருபது ஜிப்சி வண்டிகள் ஒரே நீர்நிலையருகே முண்டியடிப்பதைப் பார்க்கும்போது, அதே விலங்கின் அருகே கைத்தடியோடு வாழும் மனிதர்களின் வாழ்க்கையைப் பற்றி வழிகாட்டியிடம் இரண்டு கேள்வி கேட்டால் என்ன என்று தோன்றும். வழிகாட்டிகளில் பலர் காட்டிலிருந்து வெளியே குடியமர்த்தப்பட்ட கிராமங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் சொல்லத் தயாராகவே இருக்கிறார்கள்.

இங்கே வாழும் கோண்டு, கோலாம் மக்களின் தாய்மொழிகள் திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கோண்டுகள் மாவட்டம் முழுதும் பரவியிருக்க, கோலாம்கள் தெற்கே ஜீவதி, ராஜுராப் பக்கத்து மலைச்சரிவுகளில் சிறு குடியிருப்புகளாக வாழ்கிறார்கள். அந்தப் பக்கம் போவதற்கு மாணிக்கட் கோட்டை நல்ல காரணம். கட்சாந்தூரிலிருந்து மலையேறினால் காட்டுக்கு நடுவே இடிந்த மதிலும் வாயிலும் தென்படும். கோண்டுகளுக்கு முன்பு ஆண்ட நாக அரசர்கள் கட்டியது என்று கருதப்படுகிறது. கட்சாந்தூர் ஊருக்குள் கல்லால் அடுக்கிய பழைய விஷ்ணு கோயில் உண்டு. சிமெண்ட் ஆலைகளின் லாரிகள் நிறைந்த சாலை என்பதால், வாகனம் ஓட்டுகிறவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும்.

வடக்கே, சந்திரபூரிலிருந்து நாகபுரி போகும் வழியில், பத்ராவதிக்கும் வரோராவுக்கும் ஒரு நாள் கொடுங்கள். பத்ராவதியின் பழைய பெயர் பாந்தக். விஜாசன் குன்றில் பௌத்தர்கள் குடைந்த குகைகள் இருக்கின்றன. நீண்ட வழிகளின் முடிவில் புத்தரின் அமர்ந்த உருவம் தென்படும். அதே ஊரில் கேசரியா பார்சுவநாதரின் சமணக் கோயிலும், பத்ரநாகர் கோயிலும், ஏரிக்குள் ஒரு பழைய கற்பாலமும் உண்டு. பௌத்தம், சமணம், நாக வழிபாடு மூன்றும் நடந்தே சுற்றிவிடக்கூடிய தூரத்தில் இருப்பதும், அதைச் சூழ மாஜ்ரி சுரங்கங்களும் வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருப்பதும் இந்த மாவட்டத்துக்கே உரிய கலவை. வரோராவில் பாபா ஆம்டே தொழுநோயாளிகளுக்காக 1949இல் தொடங்கிய ஆனந்தவன் இருக்கிறது. கைவிடப்பட்ட கல்தரை நிலத்தை நோயாளிகளே திருத்திப் பயிர் செய்து, நெசவு முதல் உலோக வேலை வரை கற்றுத் தங்கள் உழைப்பில் வாழும் ஊராக மாற்றினார்கள். முன்கூட்டித் தெரிவித்துவிட்டுப் போனால் சுற்றிக் காட்டுவார்கள். அங்கே வசிப்பவர்களைக் காட்சிப்பொருளாக எண்ணிப் படம் எடுக்க வேண்டாம்.

தடோபாவின் கோலாரா வாயில் வழியாக நாகபுரிக்குத் திரும்புகிறவர்கள் சிமூரைக் கடப்பார்கள். 1942 ஆகஸ்டு 16 அன்று வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து, சில நாள்கள் பிரிட்டிஷ் ஆட்சியையே அப்புறப்படுத்திய ஊர் அது. துறவியான துக்டோஜி மகாராஜின் பாடல்கள் அங்கே மக்களை எழுப்பின என்பதை ஊரார் பெருமையோடு சொல்வார்கள். அதற்கும் கிழக்கே நெல்வயல் நாடு. சிந்தேவாஹி, நாக்பீட் பக்கம் ஊருக்கு ஊர் ஏரி. நாக்பீட் அருகே கோடாஜரி நீர்த்தேக்கம் மழைக்குப் பிறகு மிக அழகாக இருக்கும். தீபாவளி முடிந்து அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் இந்தப் பகுதியில் ஜாடிபட்டி நாடகக் காலம் தொடங்கும். இரவு முழுதும் கொட்டகையில் நடக்கும் இந்த மராத்தி மேடை நாடகங்களுக்கு வயலிலிருந்து வந்தவர்கள் போர்வையோடு அமர்ந்திருப்பார்கள். மொழி புரியாவிட்டாலும், வாய்ப்புக் கிடைத்தால் ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள்.

பல்லார்பூரின் மரக்கிடங்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். இப்பகுதித் தேக்கு நாடெங்கும் மதிக்கப்படுவது. 2023இல் அயோத்தி ராமர் கோயிலின் கதவுகளுக்கான தேக்கு இங்கிருந்தே சென்றது. அந்தக் கதவுகளைச் செதுக்கியவர்களில் தமிழகத்துச் சிற்பத் தச்சர்களும் இருந்தார்கள்.

இனி நடைமுறை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் இரண்டும் பல்ஹார்ஷாவில் நிற்கும்; அங்கிருந்து சந்திரபூர் நகரம் சாலை வழியே அரை மணிப் பயணம். விமானத்தில் வந்தால் நாகபுரியில் இறங்கி ஏறத்தாழ 150 கிலோமீட்டர் காரில் வர வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உடலுக்கு இதமான காலம். புலியைக் காண்பதே முதல் நோக்கமென்றால் ஏப்ரல், மே மாதங்களில் நீர்நிலைகள் சுருங்கி விலங்குகள் கூடும் என்பார்கள், அது உண்மையே. ஆனால் அந்த வெயிலில் குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துவருவதை நான் ஆதரிக்க மாட்டேன். மழைக்காலத்தில், ஜூலை முதல் செப்டம்பர் வரை, உட்காடு மூடப்படும். செவ்வாய்க்கிழமைகளில் சஃபாரி கிடையாது. உட்காட்டுக்கு இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். நல்ல மாதங்களின் இடங்கள் வெகு முன்னதாகவே நிரம்பிவிடும். சந்திரபூரில் தங்கினால் மோஹர்லி வாயில் அருகில்.

சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்க முடியுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இயங்கும் சுரங்கத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், ஆபத்தும்கூட. வெடி வைக்கும் நேரம் வெளியாளுக்குத் தெரியாது. கரி வேலையைக் கண்ணால் காண விரும்பினால், நாகபுரி மாவட்டத்தின் சாவ்னேரில் வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனமும் மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் 2016இல் தொடங்கிய சுரங்கச் சுற்றுலாவைப் பற்றி முன்னதாக விசாரித்து, திரும்பும் வழியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்திரபூரிலேயே பார்க்க வேண்டுமென்றால், பத்மாபூர் வழியாக மோஹர்லிக்குப் போகும் சாலையே போதும். இடப்பக்கமும் வலப்பக்கமும் மேல்மண் குன்றுகள், டம்பர் லாரிகளின் தூசி, அதைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் இரயி அணையின் நீர்ப்பரப்பு, அதன் மறுகரையில் தேக்குக் காடு. பகலில் அந்தச் சாலையில் போய்விட்டு இருட்டுவதற்குள் நகருக்குத் திரும்பிவிடுங்கள். அந்தி சாய்ந்த பிறகு இருசக்கர வண்டியில் அந்த வழியே போக வேண்டாம் என்று ஊரார் எச்சரிப்பது சிறுத்தைகளையும் புலிகளையும் மனத்தில் வைத்துத்தான்.